கடலுக்கும் மாதம் உண்டு: தீவு விடுமுறை கேள்வி பதில்

பள்ளி விடுமுறை நெருங்குகிறது, வந்த கடிதங்களில் தீவுப் பயணக் கேள்விகள்தான் நிறைய. பினாங்குக்காரி என்பதால் ஊர்ப் பாசம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், ஆனால் மற்ற தீவுகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் பதில் இருக்கிறது.

வணக்கம் அக்கா. தாத்தா, பாட்டி, நாங்கள் இருவர், பிள்ளைகள் மூவர். பினாங்கில் மூன்று நாள் தங்கப் போகிறோம். கணவர் ஒரு தாள் நிறைய இடங்களை எழுதி வைத்திருக்கிறார், பார்த்தாலே மூச்சு வாங்குகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?
– வாசகி, கிள்ளான்

அந்தத் தாளை ஓரமாக வையுங்கள் அம்மா. முதலில் நேரத்தை எழுதுங்கள், இடம் அப்புறம். எங்கள் ஊரில் காலை பத்து மணிக்கு மேல் மாலை நாலரை வரை வெளியே நடப்பது பெரியவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் பெரிய தண்டனை. அந்த வெயிலில் இவர்களை நாலு இடம் இழுத்துக்கொண்டு போனால், மாலையில் கடற்கரைக்குப் போகும்போது பாட்டிக்குக் கால் வலி, சின்னவனுக்குத் தூக்கம், உங்களுக்கு எரிச்சல். அதனால் ஒரு நாளைக்குக் காலையில் ஒரு காரியம், மதியம் சாப்பாடும் ஓய்வும், மாலையில் கடல். இவ்வளவுதான். ஏழு மணி தாண்டியும் இங்கே வெளிச்சம் இருக்கும், அவசரப்பட வேண்டியதே இல்லை.

ஒரு காலையைக் கொடிமலைக்கு, அதாவது பினாங்கு ஹில்லுக்குக் கொடுங்கள். அதன் மேல் ஏறும் மலை ரயில் 1923இல் ஓடத் தொடங்கியது. முன்பு பாதி வழியில் இறங்கி வேறு பெட்டி மாறி, அரை மணி நேரம் போக வேண்டியிருந்தது. 2011இல் புது ரயில் வந்த பிறகு மாறாமல் சில நிமிடங்களில் உச்சிக்குப் போய்விடலாம். கூட்டம்தான் சிக்கல். விடுமுறை நாளில் பத்து மணிக்குப் போய் நின்றால் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும், அதனால் காலையில் முதலில் புறப்படும் ரயில்களில் ஒன்றைப் பிடியுங்கள். மேலே கீழேயைவிட நன்றாகவே குளிராக இருக்கும், பாட்டிக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அருளொளி திருமுருகன் கோயில் இருக்கிறது, தாத்தா பாட்டி நிம்மதியாக உட்கார்ந்து கும்பிடலாம். பிள்ளைகளைச் சும்மா மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் குரங்கும், மிகப் பெரிய கறுப்பு அணிலும் கண்ணில் படலாம். 2021இல் இந்த மலைக்காடும் அதைச் சுற்றிய பகுதியும் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்ந்தன, குரங்குக்குப் பிஸ்கட் கொடுக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு ரயில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு காலை ஜார்ஜ்டவுன். குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலில் ஆரம்பியுங்கள். 1833ஆம் ஆண்டுக் கோயில். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சீனர்களின் குவான் யின் கோயில், 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், எல்லாம் ஒரே பக்கத்தில். ஆர்மேனியன் ஸ்திரீட்டில் சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகளின் சுவரோவியத்தைப் பார்க்க எல்லோரும் வரிசையில் நிற்பார்கள், 2012இல் வரைந்தது. நிற்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டால் நில்லுங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. சியூ ஜெட்டியில் தண்ணீருக்கு மேல் மரக்கால்களில் நிற்கும் வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. வாசலுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள், நம் வீட்டுக்குள் யாராவது அப்படிச் செய்தால் சும்மா இருப்போமா?

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பாட்டி கட்டாயம் ஆசைப்படுவார். 513 படிகள். ஏற முடிந்தவர்கள் வெயில் வரும் முன் ஏறட்டும், முடியாதவர்கள் அடிவாரத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு நிழலில் இருக்கட்டும். தாவரவியல் பூங்காவும் அதே சாலையின் கோடியில்தான்.

ஒன்று மட்டும் என் ஆசைக்காகச் சொல்கிறேன். முடிந்தால் காரை விட்டுவிட்டு வாருங்கள். கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறினால் பட்டர்வொர்த்தில் இறங்கலாம், பெர்ரி ஜெட்டி அங்கேயே இருக்கிறது. இப்போது பெர்ரியில் கார் ஏற்றுவதில்லை, ஆட்களும் மோட்டார் சைக்கிளும் மட்டும்தான். தீவுக்குக் கடல் வழியாக வந்து இறங்குவது பிள்ளைகளுக்கு ஆயுளுக்கும் ஞாபகம் இருக்கும். பாலத்தில் நெரிசலில் நின்றால் அது கிடைக்காது.

தாத்தா சுத்த சைவம். பினாங்கில் எங்கே பார்த்தாலும் மீனும் இறைச்சியும்தான் என்கிறார்களே?
– வாசகர், சுங்கை சிப்புட்

கவலையே வேண்டாம். லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சைவச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும். நாசி கண்டார் கடையில் மட்டும் கவனம், காய்கறிக்கு மேலேயே எல்லாக் கறிக் குழம்பையும் கலந்து ஊற்றுவதுதான் அதன் ருசி, அது தாத்தாவுக்கு ஆகாது. லக்சாவில் மீன் உண்டு, பசெம்போரில் இறால் வடை உண்டு. செண்டோல் தாராளமாகச் சாப்பிடலாம், தேங்காய்ப் பாலும் பனைவெல்லமும்தான். ஜாதிக்காய் ஜூஸ் குடிக்காமல் தாத்தாவை ஊருக்கு அனுப்பாதீர்கள். பெர்ஹெந்தியான் போன்ற சின்னத் தீவுகளுக்குப் போவதாக இருந்தால் பருப்புப் பொடி, ஊறுகாய், ஒரு சின்ன ரைஸ் குக்கர் கையோடு கொண்டு போங்கள்.

டிசம்பரில்தான் எங்கள் இருவருக்கும் லீவு கிடைக்கிறது. ரெடாங் அல்லது பெர்ஹெந்தியான் போகலாம் என்று நினைக்கிறோம். விலையும் குறைவாகச் சொல்கிறார்கள். போகலாமா?
– வாசகர், சிரம்பான்

போகாதீர்கள். அந்த விலை ஏன் குறைந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைத் தாண்டி நேராக நம் கிழக்குக் கரையில் வந்து மோதுகிறது. திரெங்கானு, கிளந்தான் பக்கம் வெள்ளம் வருவதும் அந்த மாதங்களில்தான். தீவுகளில் பெரும்பாலான தங்கும் விடுதிகள் மூடிவிடும், படகு ஓடுவது கடலின் தயவில்தான். ஓடினாலும் அந்த அலையில் போய், கலங்கிய தண்ணீரில் என்ன பார்ப்பது?

கடலைப் பொறுத்தவரை நம் நாட்டுக்கு இரண்டு பக்கம் என்பதை மறக்கவே கூடாது. கிழக்கே காற்று அடிக்கும் அந்த நேரத்தில் நடுவில் நிற்கும் தித்திவாங்சா மலைத்தொடர் மேற்குப் பக்கத்தைக் காக்கிறது, அதனால் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை லங்காவி அருமையாக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று, அதைப் பெரும்பாலும் சுமத்ரா தீவு தடுத்துவிடுகிறது, அப்போது கிழக்குக் கரைத் தீவுகளில் கடல் கண்ணாடி. பினாங்கில் அதிகமாக மழை கொட்டுவது செப்டம்பர், அக்டோபரில்.

உங்களுக்கு டிசம்பர்தான் என்றால் லங்காவி. லீவு குறைவாக இருந்தால் பங்கோர், லுமுட்டிலிருந்து பெர்ரி, கூட்டமும் குறைவு. கடற்கரையை ஒட்டியே பத்திரகாளியம்மன் கோயில் இருக்கிறது, 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் மிச்சமும் இருக்கிறது. லங்காவியில் கிலிம் அலையாத்திக் காட்டுக்குப் படகில் போகும்போது, ஏறும் முன்பே படகுக்காரரிடம் "கழுகுக்குத் தீனி போட வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். கோழித் தோலைத் தண்ணீரில் வீசிக் கழுகுகளைக் கூட்டமாக வரவழைத்துக் காட்டுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பறவைகள் வேட்டையாடுவதை விட்டுவிட்டுக் கொழுப்புத் தோலுக்குக் காத்திருக்கப் பழகிவிடுகின்றன. வேண்டாம் என்று நாம் சொன்னால் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

அக்கா, எனக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல். நீச்சல் தெரியாது. ஒவ்வொரு விடுமுறையிலும் பிள்ளைகளும் அவரும் கடலில் இறங்க, நான் துணிமணிக்குக் காவல் உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவையாவது பவளப்பாறையைப் பார்க்க வேண்டும். குளிக்கும் உடை போடக் கூச்சம், தண்ணீரில் பயம். சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.
– வாசகி, பூச்சோங்

சிரிக்க என்ன இருக்கிறது? இந்தத் தடவை வந்த கடிதங்களில் நான் திரும்பத் திரும்பப் படித்தது உங்களுடையதுதான். நம் குடும்பங்கள் கடற்கரைக்கு வரும்போது பாருங்கள், அம்மாமார்களும் அத்தைமார்களும் பாயை விரித்து உட்கார்ந்து பிஹூன் பொட்டலத்தைப் பிரித்துப் பரிமாறி, பையைக் காத்து, ஈரத் துண்டை உலர்த்தி, அப்படியே வீடு திரும்புவார்கள். தீவுக்கு வந்து கடலைத் தொடாமல் போகிற பெண்களை இந்த ஊரில் எத்தனையோ தடவை பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். உங்களுக்கும் லீவுதான். பையை ஒரு மணி நேரம் உங்கள் கணவர் காக்கட்டும்.

ஸ்நோர்கலிங்குக்கு நீச்சல் தெரிய வேண்டியதில்லை. லைஃப் ஜாக்கெட் உங்களைத் தானாக மிதக்க வைக்கும், முகத்தைத் தண்ணீரில் வைத்து வாயால் மூச்சு விட வேண்டும், அவ்வளவுதான் வேலை. உடை விஷயமும் எளிது. கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை மூடும் நீச்சல் சட்டையும், கணுக்கால் வரை நீண்ட நீச்சல் லெகிங்ஸும் விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கின்றன, மலாய்ப் பெண்கள் தலையை மூடும் உடையோடே இறங்குகிறார்கள், உங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வெயிலுக்கும் ஜெல்லி மீனுக்கும்கூட அதுதான் பாதுகாப்பு. சேலை, சுடிதார், துப்பட்டா, ஜீன்ஸ் இவற்றோடு மட்டும் ஆழத்துக்குப் போகவே போகாதீர்கள், நனைந்ததும் கனத்துக் காலைச் சுற்றிக்கொள்ளும்.

தீவுக்குப் போகும் முன் பழகிக்கொள்ளுங்கள். முகக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் வாங்கி, வீட்டில் பெரிய வாளித் தண்ணீரில் முகத்தை வைத்து வாயால் மூச்சு விட்டுப் பாருங்கள். மூக்கால் இழுக்கும் பழக்கம் போகக் கொஞ்ச நேரம் ஆகும், பயம் முழுக்க அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் இருக்கிறது. அது போன பிறகு கடலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று குனிந்து பாருங்கள், அப்புறம் காலைத் தூக்குங்கள். கண்ணாடி பனி பிடித்தால் ஒரு சொட்டு பேபி ஷாம்பூ தடவி அலசினால் போதும். தண்ணீர் புகுந்தால் பதறாமல் தலையை நிமிர்த்திக் கண்ணாடியைக் கழற்றுங்கள், ஜாக்கெட் இருக்கிறது, நீங்கள் மூழ்கப் போவதில்லை. ஜாக்கெட்டின் வாரை இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும், தோளைப் பிடித்துத் தூக்கினால் காதுக்கு மேல் ஏறக் கூடாது. வழிகாட்டியிடம் "நீச்சல் தெரியாது" என்று வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லுங்கள். பக்கத்திலேயே இருந்து மிதவை வளையத்தைப் பிடிக்கக் கொடுப்பார்.

எங்கே போவது? பினாங்கில் வேண்டாம். ஊர்க்காரியே சொல்கிறேன். ஆறுகள் கொண்டுவரும் சேறும் மண்ணும் கலந்த கடல் இது, நீந்தலாம், அலையில் விளையாடலாம், பவளப்பாறை பார்க்க முடியாது. கோலா பெசூட்டிலிருந்து படகில் போகும் பெர்ஹெந்தியானும், ரெடாங்கும், மெர்சிங்கிலிருந்து போகும் தியோமானும்தான் உங்களுக்கு. மே முதல் ஆகஸ்டுக்குள் போங்கள், காலையில் இறங்குங்கள், அப்போதுதான் தண்ணீர் அசைவில்லாமல் இருக்கும். மேற்குப் பக்கமே வசதி என்றால் லங்காவியிலிருந்து ஒரு நாள் பயணமாகப் பாயார் தீவு, கடல் பூங்காதான், சின்னச் சுறாக் குட்டிகள் காலடியில் சுற்றும், கடிக்காது, கையை நீட்டாமல் இருந்தால் போதும்.

பாறை மேல் மட்டும் காலை வைக்காதீர்கள். அது கல் இல்லை, உயிர். ஒரு மிதியில் உடைவது திரும்ப வளரப் பல வருடம் ஆகும். ஆமையைப் பார்த்தால் துரத்தாமல் மிதந்தபடியே பாருங்கள். சன்ஸ்கிரீனை உடை மூடாத இடத்தில் மட்டும், ஆக்ஸிபென்சோன் என்ற ரசாயனம் சேராததாகப் பார்த்துப் பூசுங்கள்.

போய் வந்து எழுதுங்கள் அம்மா, காத்திருப்பேன்.

பத்து பெரிங்கியில் விஷ ஜெல்லி மீன் இருக்கிறதாமே? மகன் கடலில் இறங்கவே மாட்டேன் என்கிறான். உண்மையா, வதந்தியா?
– வாசகர், தைப்பிங்

உண்மை. பெட்டி ஜெல்லி மீன் வகை பினாங்குக் கடலிலும் உண்டு, தண்ணீர் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதற்காகக் கடலையே விட வேண்டியதில்லை, தயாராகப் போக வேண்டும். உடம்பை மூடும் நீச்சல் உடை போடுங்கள். கடற்கரை எச்சரிக்கைப் பலகையில் ஜெல்லி மீனைக் குறிக்கும் ஓபோர்-ஓபோர் அல்லது ஆம்பாய்-ஆம்பாய் என்ற மலாய்ச் சொல் போட்டிருந்தால் இறங்காதீர்கள். அன்று நிலைமை எப்படி என்று உயிர்காப்பாளரிடமோ மீனவரிடமோ கேளுங்கள், உள்ளூர்க்காரர்கள் மறைக்காமல் சொல்வார்கள்.

சுற்றுலாப் பையில் ஒரு போத்தல் வினிகர் இருக்கட்டும். பட்டுவிட்டால் ஆளைக் கரையேற்றி, பட்ட இடத்தில் வினிகரை அரை நிமிடமாவது தாராளமாக ஊற்றி, அப்புறம் ஒட்டியிருக்கும் இழைகளைக் கையால் தொடாமல் எடுக்க வேண்டும். மணலால் தேய்ப்பது, குழாய்த் தண்ணீரில் கழுவுவது இரண்டும் கூடாது, ஒட்டியிருக்கும் கொடுக்குகள் இன்னும் விஷத்தைக் கக்கும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், உடம்பில் பெரிய பகுதியில் கோடு கோடாகத் தடிப்பு என்றால் ஒரு நிமிடம்கூடப் பார்க்காமல் 999க்கு அழையுங்கள்.

மகனை வற்புறுத்த வேண்டாம். தெலுக் பாஹாங்கில் வண்ணத்துப்பூச்சிகள் தோளில் வந்து உட்காரும் எண்டோப்பியா இருக்கிறது, பக்கத்தில் வாசனைத் திரவியத் தோட்டமும் இருக்கிறது. நாம் சமையலில் போடும் ஏலம், கிராம்பு, பட்டை எல்லாம் செடியாக எப்படி இருக்கும் என்று அங்கே தொட்டுப் பார்க்கலாம். கடல் தானாக இழுக்கும், அவனே கேட்பான்.

என் தகப்பனார் 1930களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கியவர். தோட்டத்துக்கு அனுப்பும் முன் ஒரு தீவில் அடைத்து வைத்தார்கள் என்று சொல்வார். அது எந்தத் தீவு? பேரப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா?
– வாசகர், சுங்கைப்பட்டாணி

ஐயா, அது ஜெரெஜாக் தீவாகத்தான் இருக்க வேண்டும். பினாங்கின் கிழக்குக் கரைக்கு எதிரில், பாயான் லெப்பாஸ் பக்கம் இருக்கிறது. 1985இல் திறந்த பழைய பாலத்தில் தீவை நோக்கி வரும்போது இடது கைப் பக்கம் பாருங்கள், பச்சையாக நீண்டு தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தொழுநோயாளிகளை வைத்த இடமாகவும், கப்பலில் வந்தவர்களுக்கு நோய் இருக்கிறதா என்று நாள்கணக்கில் நிறுத்திப் பார்க்கும் தடுப்பு முகாமாகவும் இருந்தது. அப்புறம் 1969 முதல் 1993 வரை சிறைச்சாலை. இன்று ரப்பர் தோட்டக் குடும்பம் என்று சொல்லிக்கொள்கிற நம்மில் எத்தனையோ பேரின் தாத்தாவும் பாட்டியும் இந்த நாட்டில் முதலில் மிதித்த மண் அதுதான்.

பினாங்கு வரும் நம்மவர்கள் பாலத்தில் அதைக் கடந்து போகிறார்கள், பேர்கூடத் தெரியாமல். இது எனக்குப் பெரிய மனக்குறை. தீவுக்குப் படகு போவது காலத்துக்குக் காலம் மாறுகிறது, அதனால் நீங்கள் புறப்படும் வாரத்தில் சுற்றுலாத் தகவல் நிலையத்தில் கேட்டுவிட்டு வாருங்கள். படகு இல்லாவிட்டாலும் எதிர்க்கரையில் நின்றால் கிட்டத்தில்தான் தெரிகிறது. உங்கள் தகப்பனார் சொன்னதை எல்லாம் அங்கே வைத்துப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், கப்பல் பெயர், எந்த மாதம், கூட வந்தவர் யார், என்ன சாப்பாடு போட்டார்கள் என்று ஞாபகம் இருக்கும் எல்லாவற்றையும். ஒரு பேரனைக் கைப்பேசியில் அதைப் பதிவு செய்யவும் சொல்லுங்கள் ஐயா.

அக்கா, நான் தனியாக வருகிறேன். கையில் காசு குறைவு, கால் நன்றாக நடக்கும். கடைத்தெரு வேண்டாம், காடும் கடலும் சேர்ந்த இடம் சொல்லுங்கள்.
– வாசகர், ஜோகூர் பாரு

தம்பி, பினாங்கு தேசியப் பூங்கா உங்களுக்காகவே இருக்கிறது. கொம்தாரில் 101ஆம் எண் பஸ் ஏறி, பத்து பெரிங்கியைத் தாண்டிக் கடைசியில் தெலுக் பாஹாங்கில் இறங்குங்கள். நுழைவாயில் அலுவலகத்தில் பெயர் பதிந்துவிட்டு உள்ளே போனால் இரண்டு முக்கியப் பாதைகள். கடலை ஒட்டியே குரங்குக் கடற்கரைக்குப் போவது ஒன்று, காட்டுக்குள் ஏறி இறங்கிக் கெராச்சூட் கடற்கரைக்குப் போவது இன்னொன்று. ஒரு நாள்தான் என்றால் கெராச்சூட். ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும், வேர்த்துக் கொட்டும், பெரிய போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் கடை கிடையாது.

போய்ச் சேரும் இடத்தில் ஓர் அதிசய ஏரி இருக்கிறது. மேலே நல்ல தண்ணீர், அடியில் உப்புத் தண்ணீர், இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். வறண்ட மாதங்களில் வற்றிச் சேறாகவும் கிடக்கும், அதனால் மழைக்காலத்தை ஒட்டி வந்தால் பார்க்க வாய்ப்பு அதிகம். கடற்கரையின் கோடியில் ஆமை முட்டைகளைக் காப்பாற்றிக் குஞ்சு பொரித்துக் கடலில் விடும் மையம் இருக்கிறது, பச்சை ஆமைகள் கரையேறி முட்டையிடும் இடம் இது. அங்கே நீந்த வேண்டாம், நீரோட்டமும் ஜெல்லி மீனும் உண்டு. குரங்குகள் பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே வந்துவிடும், சாப்பாட்டைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.

திரும்பி நடக்கத் தெம்பு இல்லாவிட்டால் படகில் வரலாம். தனி ஆளுக்குப் படகு வாடகை கடிக்கும், கடற்கரையில் நிற்கும் மற்றவர்களிடம் பேசிச் சேர்ந்து ஏறினால் பங்கு போட்டுக்கொள்ளலாம். மதியத்துக்கு மேல் அலை எழுந்தால் படகுகள் நின்றுவிடுவதும் உண்டு, அதனால் காலையிலேயே ஜெட்டியில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், படகு இல்லை என்றால் பிற்பகல் மூன்று மணிக்குள் நடக்க ஆரம்பித்துவிடுங்கள்.